பதில்: பாஸ்வேர்டை மாற்றியும் பழையதே வேலை செய்கிறது

சார், தெற்கு மாசி வீதி ஜவுளிக்கடை சர்வரில், வேலையை விட்டு நின்ற பையனின் பாஸ்வேர்டை லினக்ஸில் மாற்றியும் விண்டோஸிலிருந்து பழைய பாஸ்வேர்டிலேயே சாம்பா (லினக்ஸ் கோப்புகளை விண்டோஸுக்குப் பகிரும் மென்பொருள்) ஃபோல்டர் திறக்கிறது என்கிறீர்கள். திறக்கத்தான் செய்யும். அங்கே இரண்டு பேரேடு இருக்கிறது. நீங்கள் திருத்தியது லினக்ஸ் தன் பாஸ்வேர்டுகளை வைத்திருக்கும் ஷேடோ கோப்பை. சாம்பா பார்ப்பது தன்னுடைய பாஸ்டிபி.டிடிபி கோப்பை. விண்டோஸ் கேட்கும் என்டி ஹாஷ் (பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்ட ஒரு குறியீடு) ஷேடோவில் கிடையாது, அதனால்தான் இந்தத் தனிக் கணக்கு.

ரூட்டாக (நிர்வாகி கணக்கில்) நுழைந்து 'பிடிபிஎடிட் -எல்' (எல் பெரிய எழுத்தில்) கொடுங்கள், சாம்பாவின் பேரேட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியும். அப்புறம் 'எஸ்எம்பிபாஸ்டபிள்யூடி -டி' என்று அடித்துப் பையனின் பெயரைக் கொடுத்தால் கணக்கு முடங்கும். அடியோடு நீக்க -டிக்குப் பதில் -எக்ஸ். ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு இதனால் அறுந்துவிடாது. கடை சாத்தியதும் சாம்பாவை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

இன்னொன்று. அந்த பாஸ்டிபி.டிடிபி கோப்பைப் பென் டிரைவில் போட்டு மேசை மேல் வைத்துவிடாதீர்கள் (சிம்மக்கல்லில் ஓர் அச்சகத்தில் நான் செய்த கூத்து அது). என்டி ஹாஷில் சால்ட் (பாஸ்வேர்டோடு கலக்கும் தற்செயல் எழுத்துகள்) கிடையாது. ஹாஷ் கையில் கிடைத்தாலே போதும், பாஸ்வேர்டு தெரியாமலே நுழையலாம். கோப்பின் அனுமதி 600 (உரிமையாளர் மட்டுமே படிக்க, எழுத முடியும்), உரிமையாளர் ரூட். நகல் வேண்டுமென்றால் வெறும் சிபி (சாதாரண நகல் கட்டளை) வேண்டாம், இந்த வகைக் கோப்புக்கென்றே டிடிபிபேக்கப் கட்டளை இருக்கிறது. சாம்பா ஓடிக்கொண்டிருக்கும்போதும் சரியாக எடுக்கும்.