கருவி இல்லாமல் வேகத்தைச் சொல்ல முடியுமா?

கேள்வி: நெடுஞ்சாலையில் காரில் வந்துகொண்டிருந்தேன். சீருடையில் இருந்த போலீஸ்காரர் ஒருவர் கை காட்டி நிறுத்தினார். வேகம் அளக்கும் கருவி எதுவும் அவரிடம் இல்லை. "எண்பத்தைந்தில் வந்தீர்கள், 1,000 ரூபாய் கட்டுங்கள்" என்றார். கொடுத்தேன், ரசீது கிடைக்கவில்லை. பத்து நாள் கழித்து, இ-செலான் (மின்னணு அபராதச் சீட்டு) நிலுவையில் இருப்பதாகச் செல்பேசிக்கு ஓர் இணைப்பு வந்திருக்கிறது. மறுபடியும் கட்ட வேண்டுமா?

பதில்: முதலில் அந்த இணைப்பைத் தொடாதீர்கள். உங்கள் கேள்வியிலேயே எனக்குப் பகீரென்றது அதுதான். மத்திய அரசின் பரிவாகன் இ-செலான் தளத்தை நீங்களே திறந்து, வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். உண்மையான செலான் என்றால் அங்கே இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்த கோப்பை நிறுவச் சொன்னால் ஐயமே வேண்டாம், திருட்டு. எந்த அரசுத் துறையும் அபராதம் வாங்க அப்படிச் செயலி அனுப்புவதில்லை. நிறுவிய மறுகணம் உங்கள் ஓடிபி எல்லாம் எவனோ ஒருவன் கைக்குப் போகும். என்னிடம் வந்து புலம்புகிறவர்களில் நன்றாகப் படித்தவர்களே அதிகம்.

இனி சாலையில் நடந்தது. நிறுத்தியதில் தவறில்லை. சீருடையில் இருப்பவர் கை காட்டினால் நிற்க வேண்டும், கேட்டால் உரிமத்தைக் காட்ட வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருந்தால் போதும். அங்கே நின்று சட்டம் பேசுவதில் பயனில்லை.

ஆனால் வேக விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவுதான் அதிவேகத்துக்கு உரியது. காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது: "வேகமாகத்தான் வந்தார் என்பது என் கருத்து" என்று ஒரே ஒரு சாட்சி சொல்வதை மட்டும் வைத்துத் தண்டிக்கக் கூடாது. அந்தக் கருத்து ஏதாவது கருவி காட்டிய அளவிலிருந்து வந்திருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு "கருவி இல்லை, வழக்கும் இல்லை" என்று துள்ள வேண்டாம். இந்தப் பாதுகாப்பு 183க்கு மட்டும்தான். வளைந்து நெளிந்து, பிறர் உயிருக்கு ஆபத்தாக ஓட்டினீர்கள் என்று 184ஆவது பிரிவில் எழுதினால், அதற்குக் கருவி தேவையில்லை, சிறைத் தண்டனைகூட உண்டு. ஆகவே செலானில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். மற்றொன்று, இது நீதிமன்றத்தில் எழுப்ப வேண்டிய வாதம். குற்றத்தை ஒப்புக்கொண்டு பணம் கட்டிவிட்டால் வாதமும் அதோடு முடிந்தது.

நீங்கள் கொடுத்த 1,000 ரூபாய் அபராதம் அல்ல. ரசீது இல்லாத பணத்துக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லி யாரிடமும் கேட்க முடியாது. இதில் எனக்குப் போலீஸ்காரரைவிட அவரை அங்கே நிறுத்திய ஏற்பாட்டின் மேல்தான் கோபம். பள்ளிக்கூட வாசலில் ஆள் இருக்காது. மேம்பாலம் இறங்கும் சரிவில், எந்த வண்டியும் தானாகவே வேகம் பிடிக்கிற இடத்தில், தவறாமல் நிற்பார்கள். வேக வரம்புப் பலகையோ மரக்கிளைக்குப் பின்னால் இருக்கும்.

தளத்தில் அன்றைய தேதிக்குச் செலான் இருந்தால், கேமரா வழக்கா என்று பாருங்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021இல் வந்த 167ஏ விதிப்படி, கேமரா வழக்கின் அறிவிப்பில் வண்டி எண் தெளிவாகத் தெரியும் படமும் கருவி பதிவு செய்த அளவும் இடமும் நேரமும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால் கட்டிவிடுங்கள். படமும் அளவும் இல்லாமல் 183 மட்டும் இருந்தால், செலான் வழக்குகளை இணையவழியில் பார்க்கும் மெய்நிகர் நீதிமன்றத் தளத்தில் வழக்கை எதிர்ப்பதாகத் தெரிவியுங்கள். வழக்கு வழக்கமான நீதிமன்றத்துக்குப் போகும். ஓரிரு நாள் அலைச்சல்தான். ஆயிரம் ரூபாய்க்காக அலைவதா என்று நினைத்தால் கட்டிவிட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

எதைச் செய்தாலும் நீதிமன்ற வாசலில் "லோக் அதாலத்தில் பாதிக்கு முடித்துத் தருகிறேன்" என்று கைப்பிடிக்கும் ஆளிடம் போகாதீர்கள். சமரசமாக வழக்கை முடிக்கும் மக்கள் நீதிமன்றம்தான் லோக் அதாலத். அங்கே நீங்களே போகலாம், கட்டணம் கிடையாது. அந்த ஆள் முழுத் தொகையை வாங்கிக்கொள்வான், வழக்கு அப்படியே கிடக்கும், அடுத்த வாகனப் பரிசோதனையில்தான் உங்களுக்குத் தெரியவரும்.

இணைப்பை ஏற்கெனவே தொட்டு வங்கி விவரம் கொடுத்திருந்தால், இதைப் படித்து முடிக்கும் முன்பே இணையக் குற்றப் புகார் உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள்.