வாசகர் கேள்வி-பதில்: நிலத்தை விற்காமல் வெளிநாட்டில் பிஎச்.டி.

கேள்வி: மகள் எம்.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள். வெளிநாட்டில் ஆராய்ச்சிப் படிப்புக்கு இடம் வாங்கித் தர ஒரு ஏஜென்சியில் 4 லட்சம் கேட்கிறார்கள். போன பிறகு ஆகும் செலவு தனியாம். சாலையோரம் இருக்கும் மூன்று மா நிலத்தைக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்.
– ஒரு விவசாயி, திருத்துறைப்பூண்டி

பதில்: கொடுக்காதீர்கள் ஐயா. முன்பணம் கட்டியிருந்தால் திருப்பிக் கேளுங்கள்.

அறிவியல், பொறியியல் பிஎச்.டி.க்கு நல்ல இடங்களில் பெரும்பாலும் மாணவருக்குத்தான் பணம் கொடுப்பார்கள். நெதர்லாந்து, சுவீடன், நார்வே போன்ற நாடுகளில் பிஎச்.டி. மாணவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர். பணி ஒப்பந்தம், மாதச் சம்பளம், விடுப்பு எல்லாம் உண்டு. நெதர்லாந்தில் நான்கு ஆண்டு ஒப்பந்தம். பிடித்தம் போவதற்கு முன் மாதம் சுமார் 3,000 யூரோவில் சம்பளம் தொடங்குகிறது. ஜெர்மனியில் அரசு ஊதிய அட்டவணையின் 13-ஆம் நிலைச் சம்பளத்தில் பாதியோ முக்காலோ, சில துறைகளில் முழுதுமோ தருகிறார்கள். அமெரிக்காவில் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கீழ் வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பதற்கோ ஆய்வகத்தில் வேலை செய்வதற்கோ மாத உதவித்தொகை கொடுப்பார்கள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பது ஐரோப்பாவில் பெரும்பாலும் அந்தப் பேராசிரியர், அமெரிக்காவில் துறையின் குழு. இடையில் ஏஜென்சிக்கு எந்த வேலையும் இல்லை. ஜெர்மனி விசாவுக்கு 11,904 யூரோவை வங்கியில் கட்டிவைக்க வேண்டும் என்று உங்களைப் பயமுறுத்தியிருப்பார்கள். அது வருமானம் இல்லாமல் படிக்கப் போகிறவர்களுக்கு. போதிய சம்பளத்தோடு ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு அது தேவையில்லை.

உங்கள் கையிலிருந்து ஆகும் செலவு என்றால் பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய், ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்கு இருபதாயிரத்துக்குள், விசாக் கட்டணம், விமான டிக்கெட். அமெரிக்கா என்றால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனிக் கட்டணம் இருக்கும். தள்ளுபடி கேட்டால் சில இடங்களில் கிடைக்கும். மூன்று மாவும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மகளை எனக்கு நேரடியாக எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. நிலவியல் படித்தவன். நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். இரண்டு பேர் ‘இடமில்லை’ என்றார்கள், மற்றவர்களிடமிருந்து பதிலே இல்லை. என் மடலையும் பயோடேட்டாவையும் இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?
– மன்னார்குடி வாசகர்

பதில்: தம்பி, உங்கள் மடல் இப்படித் தொடங்குகிறது: ‘தங்கள் மேலான ஆய்வகத்தில் முனைவர் பட்டம் பெற மிகுந்த ஆர்வமாக உள்ளேன். நான் கடின உழைப்பாளி.’ இதை நிலத்தடி நீர் பேராசிரியருக்கும் அனுப்பலாம், ராக்கெட் பேராசிரியருக்கும் அனுப்பலாம். ஹானோவரில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது எங்கள் குழுவுக்கு வரும் விண்ணப்பங்களைப் பிரித்துவைக்கும் வேலை என்னிடம் இருந்தது. இந்த மாதிரி மடல்கள் தினமும் வந்து குவியும். பேராசிரியரின் பெயர் மட்டும் வேறு எழுத்துருவில் இருக்கும். ஒட்டியது அப்பட்டமாகத் தெரியும். கெட்டிக்காரப் பிள்ளைகளின் மடல்கள் முதல் வரியோடு ஒதுக்கப்படுவதைக் கண்ணால் பார்த்தவள் என்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பயோடேட்டாவில் அப்பா பெயர், திருமணமாகாதவர் என்ற விவரம், பள்ளி விநாடி வினா சான்றிதழ் எல்லாம் முதல் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: வேதாரண்யம் கடலோரக் கிணறுகளில் ஈ.சி. மீட்டர் (நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவி) வைத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் உப்பை அளந்திருக்கிறீர்கள். தம்பி, இதையா மூன்றாம் பக்கத்தில் வைப்பது! உங்களிடம் இருக்கும் சொத்தே இதுதான்.

மடலை இப்படித் தொடங்குங்கள்: ‘காவிரி டெல்டாவின் தென்கோடியில் மணல் மேடுகளில் உள்ள கிணறுகளின் உவர்ப்பை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்தேன். மழைக்குப் பிறகு ஆழமில்லாத கிணறுகளில் உப்பு குறைந்தது, ஆழமானவற்றில் குறையவில்லை. உங்கள் கட்டுரையில் சொல்லும் முறையை இங்கே பயன்படுத்த முடியுமா என்று அறிய விரும்புகிறேன்.’ எண்களை உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து போடுங்கள். ஒரு வரைபடம் இணையுங்கள். கட்டுரையை உண்மையிலேயே படித்துவிட்டு எழுதுங்கள். படிக்காமலே படித்ததாகச் சொன்னால் முதல் நேர்காணலிலேயே தெரிந்துவிடும்.

யாருக்கு எழுதுவது? கடலோரத்தில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது, கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 மீட்டர் வரை அது இறங்கியிருக்கும் என்று வகுப்பில் படித்திருப்பீர்கள். 1880களின் கடைசியில் அதைச் சொன்ன கைபன் டச்சுக்காரர். 1901-இல் தனியாக அதே முடிவுக்கு வந்த ஹெர்ஸ்பெர்க் ஜெர்மானியர். அந்த நாடுகளுக்கு இது இன்றைக்கும் வாழ்வாதாரப் பிரச்சினை, அதனால் ஆராய்ச்சிக்குப் பணமும் இருக்கிறது. டெல்ஃப்ட், உட்ரெக்ட், வாகனிங்கன், டென்மார்க்கில் ஆர்ஹூஸ் ஆகிய பல்கலைக்கழகங்களில் நிலத்தடி நீர்க் குழுக்களைத் தேடுங்கள். பத்துப் பேருக்கு எழுதினால் போதும், ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டும்.

மடலை மட்டும் நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம். ஐரோப்பாவில் பிஎச்.டி. இடங்கள் வேலைவாய்ப்பு விளம்பரமாக ஆண்டு முழுவதும் வருகின்றன. ஐரோப்பா முழுமைக்கும் யூராக்செஸ், நெதர்லாந்துக்கு அகாடமிக்டிரான்ஸ்ஃபர், நார்வேக்கு ஜாப்நார்ஜ் தளங்களை வாரம் ஒருமுறை பாருங்கள். ‘மேரி ஸ்க்வடோவ்ஸ்கா கியூரி’ என்ற பெயரில் வரும் ஐரோப்பிய ஒன்றியத்தின் முனைவர் பட்ட இடங்களை விடவே கூடாது. எந்த நாட்டவரும் போடலாம். வேலை தரும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது என்பதுதான் முக்கிய நிபந்தனை. இங்கிருந்து போடுகிறவருக்கு அது தடையே இல்லை.

அப்புறம், பரிந்துரைக் கடிதம். ‘நீயே எழுதிக் கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுறேன்’ என்று சொல்லும் ஆசிரியரிடம் வாங்காதீர்கள். உங்களோடு கிணற்றடிக்கு வந்தவர் யாரோ அவரிடம் கேளுங்கள். கல்லூரி பெயரில் அவருக்கு மின்னஞ்சல் இருந்தால் அதிலிருந்து அனுப்பச் சொல்லுங்கள். ஜிமெயிலிலிருந்து வருவதைச் சில இடங்களில் ஏற்பதில்லை.

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல், 6.8 சி.ஜி.பி.ஏ., அரியர் எல்லாம் முடித்துவிட்டேன். எனக்கு வாய்ப்பு உண்டா?
– மயிலாடுதுறை வாசகர்

பதில்: உண்டு, ஆனால் இந்த ஆண்டே இல்லை. ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் பி.இ. முடித்த கையோடு பிஎச்.டி.க்குப் போடலாம் என்றாலும் 6.8 தனியாக நிற்காது. கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதி நல்ல இடத்தில் எம்.டெக். சேருங்கள்; இல்லையென்றால் திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் ஆய்வுத் திட்டப் பணியாளராக ஓரிரு ஆண்டு இருந்து ஒரு கட்டுரையில் பெயர் வரவையுங்கள். அமெரிக்க விண்ணப்பங்களுக்குக் கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பரில் வரும், சேர்க்கை அடுத்த ஆகஸ்டில்.

கேள்வி: எங்களுக்கு நிலம் கிடையாது, அம்மா நடவு வேலைக்குப் போகிறார். எம்.எஸ்சி. இயற்பியலில் 74 சதவீதம். எனக்கென்று ஏதாவது உதவி இருக்கிறதா?
– கீழ்வேளூர் வாசகி

பதில்: இருக்கிறதம்மா. மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை பட்டியலினத்தவருக்கு மட்டுமானது என்றே பலர் நினைக்கிறார்கள். சீர்மரபினர், நிலமற்ற விவசாயத் தொழிலாளர், பாரம்பரியக் கைவினைஞர் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் அடக்கம். குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள், வயது 35-க்குள், மதிப்பெண் 60 சதவீதம் இருக்க வேண்டும். வயது மட்டும் 35-க்குள் என்றால் உங்களிடம் எல்லாம் சரியாக இருக்கிறது. கல்விக் கட்டணம், தங்கும் செலவு, விமானக் கட்டணம் மூன்றையும் தருகிறார்கள். நல்ல தரவரிசையில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்க வேண்டும் என்பதால், மேலே மன்னார்குடித் தம்பிக்குச் சொன்ன வேலைகளை நீங்களும் இப்போதே தொடங்க வேண்டும். அந்த வழியில் சம்பளத்தோடு இடம் கிடைத்துவிட்டால் உதவித்தொகையே தேவைப்படாது.

வருமானச் சான்றிதழுக்கும் நிலமற்றவர் என்பதற்கான சான்றிதழுக்கும் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரும் இனிஷியலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆராய்ச்சி விருப்பத்தை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.