கார்டு வட்டி கூடுகிறது என்று தகவல் வந்தால்: வாசகர் கேள்வி – பதில்

கிரெடிட் கார்டின் வட்டியும் கட்டணங்களும் மாறுவது பற்றி வாசகர்கள் கேட்டிருந்த கேள்விகளில் ஆறு இங்கே. கணக்கு காட்டும் தொகைகளை உங்கள் நாட்டு நாணயத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், கணக்கு மாறாது.

என் கார்டின் வட்டி மாதத்துக்கு 3.5 சதவீதத்திலிருந்து 3.75 சதவீதம் ஆகிறது என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கால் சதவீதம்தானே, விட்டுவிடலாமா?

மாதாமாதம் பில்லை முழுவதும் கட்டிவிடுபவர், கார்டில் பணம் எடுக்காதவர் என்றால் விட்டுவிடலாம். அந்த வட்டி உங்களைத் தொடாது. பாக்கி வைத்திருப்பவர் என்றால் விடக் கூடாது.

பாக்கி 1,00,000. மாதம் 5,000 கட்டுகிறீர்கள். 3.5 சதவீதத்தில் 3,500 வட்டிக்குப் போகிறது, 1,500 அசலில் கழிகிறது. 3.75 ஆனதும் வட்டி 3,750. அசலில் கழிவது 1,250. அதாவது கடன் கரையும் வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. கால் சதவீதம் என்று படிக்கும்போது இது கண்ணில் படாது. மாதம் 3.5 என்பதே ஆண்டுக்கு 42 சதவீதம். கட்டாமல் விட்டு வட்டிக்கு வட்டி சேர்ந்தால் 51-ஐத் தொடும்.

அந்த மின்னஞ்சலில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். புதிய வட்டி எந்தத் தேதியிலிருந்து? ஏற்கெனவே உள்ள பாக்கிக்கும் சேர்த்தா, இனி வாங்குவதற்கு மட்டுமா? காரணம் என்ன? சலுகைக் காலம் முடிந்ததால் ஏறியதா, தவணை தவறியதால் ஏறியதா, எல்லோருக்குமே ஏற்றியிருக்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் பேரம் பேச முடியும். தவணை தவறியதால் என்றால், தொடர்ந்து சில மாதம் ஒழுங்காகக் கட்டிவிட்டுப் பழைய வட்டிக்கு இறக்கச் சொல்லிக் கேட்கலாம். பதில் எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள்.

கேட்காமல் கொள்ளாமல் இப்படி ஏற்ற அவர்களுக்கு உரிமை உண்டா?

கார்டு வாங்கியபோது ஏற்றுக்கொண்ட ஒப்பந்தத்தில் மாற்றும் உரிமையை வங்கிகள் எழுதியே வைத்திருக்கும். அந்த உரிமைக்கு எல்லை போடுவது நாட்டுக்கு நாடு வேறுபடும் சட்டம். இந்தியாவில் ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, கட்டண மாற்றத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். பின்தேதியிட்டு வசூலிக்க முடியாது. அந்த மாற்றம் உங்களுக்குப் பாதகம் என்றால், கூடுதல் கட்டணம் இல்லாமல் கார்டைத் திருப்பிக் கொடுக்கலாம். ஆனால் வட்டிக்கு உச்சவரம்பு இருக்கிறது என்று நம்பியிருக்க வேண்டாம். 30 சதவீதத்துக்கு மேல் வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 45 நாள் முன்னறிவிப்பு வேண்டும். ஏற்றிய வட்டியைப் பொதுவாகப் பழைய பாக்கி மேல் போட முடியாது. 60 நாளுக்கு மேல் கட்டாமல் விட்டவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. அடிப்படை வட்டி விகிதத்தோடு இணைத்த கார்டு என்றால் அந்த விகிதம் ஏறும்போது தனி அறிவிப்பே இல்லாமல் உங்கள் வட்டியும் ஏறும். எந்த நாட்டில் இருந்தாலும், அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் கிடைக்கும் நாட்களை வீணாக்காதீர்கள். பாக்கியை அடைக்க, மாற்ற, கார்டை மூட அதுதான் வசதியான நேரம்.

மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். ஆனாலும் கடன் அசையவே இல்லை. எங்கே தவறு?

மினிமம் கட்டினால் தாமதக் கட்டணம் விழாது, தவணை தவறியதாகப் பதிவாகாது. அது தரும் நன்மை அவ்வளவுதான். மினிமம் என்பது பாக்கியில் 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 1,00,000 பாக்கி, மாதம் 3.5 சதவீத வட்டி, புதிதாக எதுவும் வாங்கவில்லை. ஓராண்டில் 55,000-க்கு மேல் கட்டியிருப்பீர்கள்; கடன் இன்னும் 83,000-க்கு மேல் நிற்கும். பாக்கி குறையக் குறைய மினிமமும் குறைவதுதான் இதில் உள்ள பொறி. நீங்கள் கட்டுவது சுருங்குகிறது, கடனின் ஆயுள் நீள்கிறது.

பில்லில் மினிமம் எவ்வளவு குறைந்தாலும் கட்டும் தொகையை இறக்காதீர்கள். அதே 5,000-ஐ நிலையாகக் கட்டினால் 35 மாதத்தில் முடியும். 8,000 கட்ட முடிந்தால் 17 மாதம். முதல் வழியில் மொத்தம் 1,75,000 போகும், இரண்டாவதில் 1,34,000. ஆட்டோ டெபிட்டை ‘மினிமம்’ என்ற இடத்தில் விட்டுவைத்திருப்பவர்கள் இன்றே ‘மொத்தத் தொகை’ என்றோ ஒரு நிலையான தொகை என்றோ மாற்றுங்கள்.

இன்னொன்று: பாக்கி தொடரும் கார்டில் புதிதாக எதையும் வாங்காதீர்கள். முந்தைய பில்லில் பாக்கி நின்றாலே பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் போய்விடும். 10,000 பாக்கியோடு 30,000-க்குப் புதிதாக வாங்கினால், வாங்கிய நாள் முதலே 40,000-க்கு வட்டி ஓடும். மாதம் 350 வரும் என்று நினைத்த இடத்தில் 1,400 வரும். அன்றாடச் செலவுக்கு டெபிட் கார்டோ ரொக்கமோ போதும்.

போன மாத பில் தொகையை முழுவதும் கட்டிவிட்டேன். இந்த மாதமும் வட்டி போட்டிருக்கிறார்களே?

அதற்கு முந்தைய மாதம் பாக்கி வைத்திருந்தீர்களா? அப்படியானால் அது பிழையாக இருக்க வாய்ப்புக் குறைவு. பில் போட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடையில் ஓடிய வட்டி அது. 80,000 பாக்கி, 20 நாள், ஆண்டுக்கு 42 சதவீதம் என்றால் 1,840 வரும். கட்டி முடித்துவிட்டோம் என்று இந்தச் சிறு தொகையைக் கவனிக்காமல் விடுபவர்களுக்குத்தான் தாமதக் கட்டணம் விழுகிறது. கணக்கை முடிக்கும் மாதத்தில் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, “இன்ன தேதியில் கட்டினால் மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அடுத்த பில்லில் பூஜ்யம் வருகிறதா என்றும் பாருங்கள்.

பாக்கியை வேறு கார்டுக்கு மாற்றலாமா, தவணைக் கடனாக மாற்றலாமா?

வேறு கார்டுக்கு மாற்றுவது, சலுகைக் காலத்துக்குள் அடைக்க முடிகிறவர்களுக்கு மட்டும். 1,00,000-க்கு 3 சதவீத மாற்றுக் கட்டணம், ஆறு மாதம் வட்டியில்லை என்றால் மாதம் 17,170 கட்ட வேண்டும். அது முடியுமா என்று முதலில் பாருங்கள். ஒரு தவணை தாமதமானாலே பல கார்டுகளில் சலுகை ரத்தாகும். அந்தக் கார்டில் வாங்கும் புதுப் பொருளுக்குச் சலுகை பொருந்தாமலும் போகலாம்.

தவணைக் கடனில் ‘பிளாட்’ வட்டி என்ற சொல் வந்தால் நிறுத்திக் கேளுங்கள். மாதம் 1.2 சதவீத பிளாட் வட்டி, 12 மாதம் என்றால் ஆண்டுக்கு 14.4 போலத் தோன்றும். நீங்கள் மாதாமாதம் அடைத்தாலும் கடைசி வரை முழு அசலுக்கே வட்டி போடுவதால், குறையும் பாக்கிக் கணக்கில் அது 25 சதவீதத்தைத் தாண்டுகிறது. அப்படியிருந்தும் 42-ஐவிடக் குறைவுதான், எடுக்கலாம். செயல்பாட்டுக் கட்டணத்தையும் முன்கூட்டியே முடித்தால் போடும் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஆண்டுக் கட்டணத்தை உயர்த்திவிட்டார்கள். கார்டை வெட்டிப் போட்டுவிட்டேன். போதுமா?

போதாது. அட்டை போனாலும் கணக்கு உயிரோடு இருக்கிறது. கட்டணம் விழும், கட்டாவிட்டால் அதற்கும் வட்டி ஏறும். முதலில் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்டுப் பாருங்கள். கட்டணம் இல்லாத வேறு வகைக் கார்டுக்கு மாற்றித் தருவீர்களா என்றும் கேளுங்கள். எத்தனை ஆண்டு பழைய கணக்கு என்ற பதிவு அழியாமல் இருக்க அதில் வாய்ப்பு உண்டு. இரண்டும் நடக்காவிட்டால் மூடலாம். மூடும் முன் ரிவார்டு புள்ளிகளைச் செலவழியுங்கள். அந்தக் கார்டில் தானாகப் போகும் மின்கட்டணம், காப்பீடு, சந்தாக்களை வேறு கணக்குக்கு மாற்றுங்கள். பிறகு பாக்கியைப் பூஜ்யமாக்கி, எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, கணக்கு மூடப்பட்டதற்கான கடிதத்தை வாங்கி வையுங்கள். இந்தியாவில் பாக்கி இல்லை என்றால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடித் தர வேண்டும் என்பது விதி.

மற்ற கார்டுகளில் கடன் இருந்தால் மட்டும் கொஞ்சம் பொறுங்கள். 2,00,000, 1,00,000 என இரண்டு லிமிட், மொத்தக் கடன் 60,000 என்றால் பயன்பாடு, அதாவது மொத்த லிமிட்டில் கடனின் பங்கு, 20 சதவீதம். சின்னக் கார்டை மூடியதும் அது 30 ஆகிறது, கிரெடிட் ஸ்கோர் (கடன் கொடுப்பவர்கள் உங்களை எடைபோடப் பார்க்கும் மதிப்பெண்) இறங்கலாம். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்றால், அது கைக்கு வந்த பிறகு மூடுங்கள்.