கொயர் மாஸ்டர்ட்ட கேளுங்க: கைய ஆட்டுறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்?

இந்த மாசம் வந்த கேள்வில பாதிக்கு மேல கொயர், அதாவது கூட்டா பாடுற பாட்டுக்குழு பத்திதான். கிறிஸ்மஸ் நெருங்குதுல்ல, ஊர்ல எல்லா சர்ச்லயும் காலேஜ்லயும் பிராக்டிஸ் சூடு பிடிச்சிருச்சு போல. கீபோர்டு எது வாங்கலாம், மைக் எது வாங்கலாம்னு கேட்டவங்க எல்லாம் மன்னிச்சுக்கங்க, உங்களுக்கு அடுத்த இதழ்ல.

மாஸ்டர், நான் பி.காம் ரெண்டாவது வருஷம், காலேஜ் கொயர்ல டெனர், அதாவது ஆம்பளைங்கள்ல மேல் குரல் பாடுறேன். அமெரிக்கால யுனிவர்சிட்டி கொயர் நடத்துறவங்க வீடியோ பாத்து பாத்து எனக்கும் அதே ஆசை வந்துருச்சு. அப்பா "கைய ஆட்டுறதுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்"னு கேக்குறாரு. என்ன படிக்கணும், எங்கிட்டு போகணும்?
— திருநகர் வாசகர்

தம்பி, அப்பா கேட்டது நல்ல கேள்வி. கைய ஆட்டுறதுக்கு நெசமாவே யாரும் சம்பளம் குடுக்குறதில்ல. நீ வீடியோல பாக்குறது கச்சேரி அன்னிக்கு ஒரு மணி நேரம், அதுக்குள்ள அவரு செய்ய வேண்டிய வேலையெல்லாம் முடிஞ்சு போயிருக்கும். அங்க அந்த போஸ்ட்டுக்கு டைரக்டர் ஆஃப் கோரல் ஆக்டிவிட்டீஸ்னு பேரு. ரெண்டு மூணு கொயர் நடத்தணும், கண்டக்டிங், அதாவது கைய காட்டி கொயர நடத்துறதுக்கு கிளாஸ் எடுக்கணும், பள்ளிக்கூடத்துல பாட்டு சொல்லிக்குடுக்கப் போற பிள்ளைங்களுக்கு எப்டி சொல்லிக்குடுக்கணும்னு சொல்லிக்குடுக்கணும், அவங்க டீச்சிங் பிராக்டிஸ் போற ஸ்கூலுக்கே போயி கடைசி பெஞ்ச்ல உக்காந்து பாக்கணும், ஊர் ஊரா ஹைஸ்கூல் போயி அடுத்த வருஷத்துக்கு நல்ல குரலா புடிக்கணும், டூர் பட்ஜெட் போடணும், கவுன் சைஸ் பத்தலைன்னு வர்ற பிள்ளைக்கு பதில் சொல்லணும். மொத்தத்துல அது வாத்தியார் வேலை தம்பி. கண்டக்டர் ஆகணும்னு ஆசைப்படுற முக்காவாசி பேரு இந்த இடத்துலதான் கழண்டுக்குவாங்க.

படிப்பு என்னன்னா, அங்க நாலு வருஷம் மியூசிக் எஜுகேஷன்ல பேச்சலர் டிகிரி, பெரும்பாலும் அப்புறம் சில வருஷம் ஸ்கூல்ல வேலை, அதுக்கப்புறம் கோரல் கண்டக்டிங்ல ரெண்டு வருஷ மாஸ்டர்ஸ், அப்புறம் டி.எம்.ஏ.ன்னு ஒரு டாக்டரேட், அது மூணு வருஷத்துக்கு குறையாது. யுனிவர்சிட்டில நிரந்தர வேலைக்கு அனேகமா டி.எம்.ஏ. கேக்குறாங்க. வேலைல சேந்தாலும் ஆறு வருஷம் போல கழிச்சுதான் டென்யூர், அதாவது உறுதி. மாஸ்டர்ஸ்க்கு அப்ளை பண்ணா முதல்ல நீ கொயர் நடத்துற வீடியோ அனுப்பணும், அது புடிச்சிருந்தா கூப்புட்டு அவங்க கொயர் முன்னாடியே நிறுத்திருவாங்க. கால் மணி நேரம் குடுப்பாங்க, முன்னப்பின்ன பாத்திராத பிள்ளைங்க, நீ ஒரு பக்கத்த எடுத்து சரி பண்ணிக் காட்டணும். அதுல அவங்க உன் கைய பாக்குறது கொஞ்சம்தான். ஆல்ட்டோ, அதாவது பொண்ணுங்கள்ல கீழ் குரல் பாடுறவங்க, எந்த பார்ல (தாளக் கட்டத்துல) தப்பு விட்டாங்கன்னு உனக்கு கேட்டுச்சா, கேட்டத என்ன வார்த்த சொல்லி திருத்துன, இதத்தான் பாப்பாங்க. எடம் கெடச்சு அசிஸ்டன்ட்ஷிப்பும் கெடச்சிட்டா ஃபீஸ்ல பெரும்பகுதி போயிரும், கையில கொஞ்சம் காசும் வரும், பதிலுக்கு அவங்க கொயர்ல ஒண்ண நீ நடத்தணும். அது இல்லாம கடன் வாங்கி போறத நான் ரெக்கமண்ட் பண்ண மாட்டேன்.

உன் சிக்கல் பி.காம். மியூசிக் டிகிரி இல்லாம மாஸ்டர்ஸ்ல எடம் கெடைக்கிறது ரொம்ப கஷ்டம். ராபர்ட் ஷா கதைய யாராச்சும் உனக்கு சொல்லுவாங்க, அமெரிக்க கொயர் உலகத்துல அவரு பெரிய ஆளு, மியூசிக் டிகிரியே கெடையாது, பாதிரியாராகுற நெனப்புல இருந்த பையன் காலேஜ் கிளீ கிளப்ப, அதாவது பாட்டுக்குழுவ நடத்துனத பாத்துட்டு ஃப்ரெட் வேரிங்ங்கிற பேண்ட் லீடர் 1938-ல வேலைக்கு இழுத்துட்டு போனாரு. அது அந்த காலம். இப்ப ஆன்லைன் ஃபார்ம்ல டிகிரி கட்டம் காலியா இருந்தா அடுத்த பக்கமே தொறக்காது. அதனால பி.காம முடி, பாதில விடாத. கூடவே கீபோர்டு கத்துக்க, கொயரோட நாலு குரல் பார்ட்டையும் ஒண்ணா வாசிக்கிற அளவுக்கு வரணும். டிரினிட்டி இல்லாட்டி ஏ.பி.ஆர்.எஸ்.எம்.னு லண்டன்காரங்க நடத்துற மியூசிக் பரீட்சைல கிரேடு எழுது, தியரி எட்டு வரைக்கும் போ, அதுக்கு மேல ஏ.டி.சி.எல்., எல்.டி.சி.எல்.னு டிப்ளமா இருக்கு, வெளிநாட்ல அத மதிக்கிறாங்க. சென்னைல 2008-ல ஏ.ஆர்.ரஹ்மான் ஆரம்பிச்ச கே.எம். கன்சர்வேட்டரி இருக்கு, அதையும் விசாரி. ஹங்கேரில கெச்கெமெட்ங்கிற ஊர்ல கோடாய் இன்ஸ்டிட்யூட் இருக்கு, பாட்டு மூலமா இசை சொல்லிக்குடுக்குறதுக்குன்னே 1975-ல ஆரம்பிச்சது, அந்த நாட்டு அரசு ஸ்காலர்ஷிப்புக்கு நம்ம பிள்ளைங்களும் அப்ளை பண்ணலாம். எல்லாரும் அமெரிக்கா அமெரிக்கான்னு ஓடுறாங்க, இதை ஏன் பாக்க மாட்டேங்குறாங்கன்னு எனக்கு புரியல.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒண்ணு செய். உங்க ஏரியா சண்டே ஸ்கூல் பிள்ளைங்கள வாரம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கு. சம்பளம் கேக்காத. ஒவ்வொரு பிராக்டிஸையும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ராத்திரி கேளு. நீ பேசுன நேரம் ஜாஸ்தியா, பிள்ளைங்க பாடுன நேரம் ஜாஸ்தியான்னு பாரு. ஆறு மாசம் கழிச்சும் அந்த வேலை உனக்கு அலுக்கலைன்னா எனக்கு இன்னொரு லெட்டர் போடு, அப்பாகிட்ட நானே பேசுறேன்.

கண்டக்டர்னா கையில குச்சி கட்டாயமா?
— செல்லூர் வாசகி

இல்லம்மா. ஆர்கெஸ்ட்ரா இருந்தா தூரத்துல இருக்கவங்களுக்கு தெரியணும்னு வச்சுக்குவாங்க, வெறும் கொயர்னா பல பேரு வெறுங்கைதான். வலது கை தாளம் காட்டும், இடது கை சத்தம் கூட்டு கொற, நீ நுழைன்னு சொல்லும். ரெண்டு கையும் ஒரே வேலைய செஞ்சா ஒரு கை வீண். இத கண்ணாடி முன்னாடி நின்னு பழகுங்க, வெக்கமா இருந்தா கதவ சாத்திக்கங்க.

உசிலம்பட்டி பக்கம் ஸ்கூல்ல பாட்டு டீச்சரா இருக்கேன் சார். எட்டாங்கிளாஸ் பையன் ஒருத்தன், போன வருஷம் வரைக்கும் அவன்தான் ஸ்டார், இப்ப குரல் உடைஞ்சு கீச்சுன்னு போகுது, பிள்ளைங்க சிரிக்கிறாங்க. ஆண்டு விழா வேற வருது. அவன ஒரு வருஷம் ஓரமா உக்கார வச்சுரலாமா?

உக்கார வச்சிராதீங்க டீச்சர், உக்கார வச்ச பையன் திரும்ப எந்திரிச்சு பாட வர்றது அபூர்வம். பன்னெண்டுல இருந்து பதினாலு வயசுக்குள்ள குரல்வளை பெருசாகுது, உள்ள இருக்க தசை நீளமாகி தடிக்குது, அதான் குரல் ஒரு ஆக்டேவ், அதாவது ஒரு ஸ்தாயி கிட்ட கீழ இறங்குது. இறங்குற மாசங்கள்ல அவனுக்கு ஒழுங்கா வர்றது அஞ்சாறு சுரம்தான் இருக்கும். அது எதெதுன்னு தனியா கூப்புட்டு, யாரும் இல்லாத நேரமா பாத்து, மெதுவா "ம்ம்ம்"னு மேல இருந்து கீழ இறங்க சொல்லி கண்டுபுடிங்க. அந்த அஞ்சாறு சுரத்துக்குள்ளயே ஒரு வரிய நீங்களே எழுதி குடுங்க. பாட்டுல "ஓ"ன்னு நீட்டி நிக்கிற ஒரு ஆதார சுரம் போதும், கேக்குறவங்களுக்கு அது புது அழகா இருக்கும். மாசம் ஒரு தடவ திரும்ப செக் பண்ணுங்க, எடம் மாறிட்டே இருக்கும். பழைய மேல் சுரத்த எட்டி புடிக்க மட்டும் விடாதீங்க, தொண்டைய இறுக்கிப் பாடுற பழக்கம் ஒட்டிக்கிரும். சிரிக்கிற பிள்ளைங்ககிட்ட "அடுத்த வருஷம் உன் முறைடா"ன்னு ஒரு தடவ சொல்லிப் பாருங்க.

நான் சின்ன வயசுல இருந்து கர்னாடிக் படிச்சவ. கொயர்ல சேந்தா மாஸ்டர் "ஆடாம பாடுங்க, ஆடாம பாடுங்க"ன்னு என்னைய மட்டும் திட்டுறாரு. எங்க சங்கீதத்துக்கும் கொயருக்கும் ஒத்தே வராதா அண்ணே?
— சிம்மக்கல் வாசகி

வரும் தங்கச்சி, ஆனா அவரு திட்டுறதுலயும் காரணம் இருக்கு. உங்க காந்தாரம், அதான் "க" சுரம், ஒரு எடத்துல நிக்காது, ஆடும், அந்த ஆட்டம்தான் ராகமே. கொயர்ல அதே நேரத்துல இன்னும் மூணு பேரு மூணு வேற சுரத்துல நிக்கிறாங்க, நீங்க அசைஞ்சா அவங்க கட்டி வச்ச கார்டு, அதாவது சேந்து ஒலிக்கிற சுரக் கூட்டு, மொத்தமும் கலங்கிரும். கமகம்னு சொல்ற அந்த ஆட்டம் இல்லாம நேரா ஒரு சுரத்துல நிக்கிறது கர்னாடிக் படிச்சவங்களுக்கு மொதல்ல மொட்டையா தெரியும். சரளி வரிசைய கமகமே இல்லாம, ஒரு சுரத்துக்கு நாலு எண்ணிக்கைன்னு தம்புரா வச்சு பாடிப் பாருங்க, நாலஞ்சு வாரத்துல புடிபடும். தாளமும் சுருதி ஞானமும் உங்ககிட்ட ஏற்கனவே இருக்கு, சர்ச் பிள்ளைங்களுக்கு அது வர எம்புட்டோ நாளாகும்.

ஒத்து வருமான்னு கேட்டீங்களே, சினிமா இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன் அத செஞ்சு காட்டிட்டு போயிட்டாரு. மெட்ராஸ் யூத் கொயர் ஆரம்பிச்சு பாரதி பாட்டையெல்லாம் பல குரல்ல பாட வச்சாரு, பாடுனவங்கள்ல நெறைய பேரு ஆபீஸ் போறவங்க, காலேஜ் பிள்ளைங்க. 1988-ல லட்சத்தீவு போயிருந்தப்பதான் காலமானாரு. சினிமாக்காரரா மட்டும் அவர ஞாபகம் வச்சிருக்கோம், அது எனக்கு எப்பவும் ஒரு வருத்தம்.

நம்ம ஊர்லயே இன்னொரு பக்கமும் இருக்கு. மதுரை அரசரடி இறையியல் கல்லூரில தியாஃபிலஸ் அப்பாவுன்னு ஒரு பேராசிரியர், பரட்டைன்னா நெறைய பேருக்கு தெரியும், 2005-ல இறந்துட்டாரு. வழிபாட்டையே கிராமத்து மெட்டுல கட்டுனவரு. நோட்டு படிக்க தெரிஞ்சவன் மட்டும் பாடுறதா இருக்கக் கூடாது, வயக்காட்டுல இருக்கவங்க எடுத்து மாத்திப் பாடுறதாவும் இருக்கணும்ங்கிறது அவரு பக்கம். நாலு பார்ட்ட அடிச்சு திருத்தி பாட வைக்கிற எனக்கு அது கொஞ்சம் குத்தும்தான், ஆனா அவரு சொன்னத ஒதுக்கிட்டு தமிழ்நாட்ல கொயர் நடத்த முடியாது. வெளிநாட்டு மெட்டுல தமிழ் வார்த்தைய திணிச்சு "படம்" போயி "பாடம்"னு கேக்குற பாட்டு எத்தன இருக்கு பாருங்க. குறில் நெடில் காதுல இருக்க உங்கள மாதிரி ஆளு கொயருக்குள்ள வந்தாத்தான் அது திருந்தும். அதனால திட்ட வாங்கிக்கிட்டே உள்ள இருங்க.

எங்க சர்ச் கொயர் பாட்டு ஆரம்பிக்கிற சுருதி ஒண்ணு, முடியுறப்ப அரை சுரம் கீழ. கீபோர்டு கூட வாசிக்கிறப்ப தெரியல, நிறுத்துனா மானம் போகுது. என்ன வைத்தியம்?
— திருமங்கலம் கொயர் லீடர்

அய்யா, கீபோர்டுதான் நோய மறைக்குது. பிராக்டிஸ்ல பாதி நேரம் அத மூடி வைங்க. சுருதி இறங்குறது அனேகமா மூணு எடத்துல. ஒரே சுரம் திரும்பத் திரும்ப வர்ற எடம், மேல இருந்து படிப்படியா இறங்கி வர்ற எடம், அப்புறம் டோ ரே மில வர்ற "மி" சுரம். இறங்குறப்ப ஒவ்வொரு படியையும் கொஞ்சம் பெருசா தாண்டிர்றோம், ஏறுறப்ப சின்னதா ஏறுறோம், அம்புட்டுதான் கணக்கு. கூட உக்காந்த வாக்குல கூன் போட்டு பாடுறது, மூச்சு முடியுற வரைக்கும் இழுக்குறது.

மேல சொன்ன ராபர்ட் ஷா ஒரு வழி வச்சிருந்தாரு. வார்த்தைய எடுத்துட்டு, அவங்கவங்க பார்ட் மெட்டுல "ஒன் அண்ட் டூ அண்ட்"னு எண்ணியே பாட சொல்லுவாரு, சத்தமில்லாம. வார்த்தை, உணர்ச்சி எல்லாம் போயி சுரமும் தாளமும் மட்டும் அம்மணமா நிக்கும், யாரு இறங்குறாங்கன்னு பாடுறவங்களுக்கே கேக்கும். அல்லேலூயா கோரஸ ஒரு தடவ இப்டி பாட வச்சுப் பாருங்க, 1742-ல டப்ளின்ல முதல்ல பாடுனதுல இருந்து எல்லா ஊர்லயும் கத்தியே பாடுற பாட்டு அது, சின்னக் குரல்ல கேட்டா நீங்களே அசந்து போவீங்க. இன்னொண்ணு, சில நாள் பாட்டையே அரை சுரம் ஏத்தி எடுங்க. ஏன்னு கேக்காதீங்க, சில பாட்டுக்கு அந்த எடம் தொண்டைக்கு ஒத்துக்குது.

உங்க கொயர்ல அறுபது எழுபது வயசு பெரியவங்க இருந்தா அவங்க பக்கத்துல போயி நில்லுங்க. நெறைய பேரு டானிக் சோல்ஃபால, அதாவது சுரத்த டோ ரே மின்னு எழுத்தா படிக்கிற முறைல படிச்சவங்க, அஞ்சு கோட்டுல எழுதுற ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாது, ஆனா "டோ" எங்கன்னு சொல்லிட்டா மீதி எல்லாம் அசையாம நிக்கும். சாரா குளோவர்னு ஒரு அம்மா ஆரம்பிச்சு வச்சத கர்வன் பெருசாக்குனாரு, மிஷனரிங்க இங்க கொண்டாந்தாங்க, அதுல வர்ற கை சைகைய ஹங்கேரிக்காரரு கோடாய் எடுத்துக்கிட்டாரு. இப்ப அதே விஷயத்த ஃபாரின் மெத்தட்னு ஒர்க்‌ஷாப் வச்சு காசு வாங்குறாங்க, உங்க பின் பெஞ்ச் தாத்தாகிட்ட ஓசில கெடைக்குது.

பொண்ணு எம்.ஏ. மியூசிக் முடிக்கப் போறா, கொயர் பக்கம் போறேங்குறா. இங்க வேலை கெடைக்குமா, சோறு போடுமா?
— அனுப்பானடி அம்மா

நேரா சொல்றேன்மா. காலேஜ்ல உதவிப் பேராசிரியர் ஆகணும்னா எம்.ஏ.ல 55 சதவீதமும், நெட், செட்னு சொல்ற தகுதித் தேர்வுல ஏதாச்சும் ஒண்ணும் வேணும், இல்லாட்டி பி.எச்டி. அந்த நெட் மியூசிக் பேப்பர் நம்ம நாட்டு சங்கீதத்த வச்சுதான், கொயருக்குன்னு தனியா எதுவும் இல்ல. அதனால அவ கர்னாடிக்லயே நெட் எழுதி உள்ள போயிரட்டும், போன எடத்துல கொயர் ஆரம்பிக்கலாம், யாரும் தடுக்க மாட்டாங்க, யாரும் காசும் தர மாட்டாங்க. சர்ச்ல குடுக்குறது அன்பளிப்புதான், அத நம்பி வாடகை வீடு பாக்கக் கூடாது. ஒழுங்கான சம்பளம்னா இன்டர்நேஷனல் ஸ்கூலுங்க, பக்கத்துல கொடைக்கானல்லயே 1901-ல இருந்து நடக்குற பள்ளிக்கூடம் இருக்கு, மியூசிக்குக்கு நல்ல மதிப்பு குடுக்குற எடம். ஆனா அந்த மாதிரி ஸ்கூல்ல ஸ்டாஃப் நோட்டேஷனும் பியானோவும் கேப்பாங்க, அவகிட்ட அது இருக்கான்னு மொதல்ல கேளுங்க. இல்லைன்னா இந்த லீவுலயே கீபோர்டு கிளாஸ்ல சேத்து விடுங்க.