வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள், நாயையும் பூனையையும் என்ன செய்வது?

கன்னியாகுமரி மாவட்டம் அருமனை பக்கமிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். கணவருக்கு ரப்பர் பால்வெட்டு. மழையில் அவருக்கு வேலை இல்லை. வாடகை பாக்கி விழுந்துவிட்டது, 2 மாதத்தில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எங்களிடம் ஒரு நாட்டு நாயும் ஒரு பூனையும் உண்டு. நாய் இருந்தால் யாரும் வீடு தருவதில்லை. எங்காவது கொண்டு விட்டுவிடலாமா? தீனிக்கும் காசு இல்லை."

கொண்டு விடுவது மட்டும் வேண்டாம். வளர்த்த பிராணியைத் தெருவில் விடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், வீட்டில் வளர்ந்த நாயைத் தெரியாத ஜங்ஷனில் இறக்கிவிட்டால் அங்கிருக்கும் நாய்கள் அதை விடாது. உங்களுக்கு இப்போது இல்லாதது வீடுதான். வீடு கிடைக்கும்வரை நாய் எங்கே இருக்கும் என்பதுதான் கேள்வி.

தென்னந்தோப்பு, ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது இருக்கிறார்களா? காவலுக்கு நாய் அவர்களுக்கும் உதவும். "3 மாதம் பார்த்துக்கொள்ளுங்கள், தீனிக்கு என்னால் முடிந்ததைத் தருகிறேன்" என்று கேளுங்கள். எந்தத் தேதிவரை, நாய் யாருடையது, நோய் வந்தால் யார் செலவு என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சொந்தத்துக்குள் எதற்கு எழுத்து என்று தோன்றும். பிறகு வரும் மனத்தாங்கல்கள் பெரும்பாலும் எழுதாததால் வருபவைதான். முழுநாளும் சங்கிலியில் கட்டிப்போடும் இடமாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வீடு தேடும்போது கையில் தடுப்பூசி அட்டை இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது என்று தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் தனி வீட்டின் சொந்தக்காரர் மனமில்லை என்றால் சண்டை போட்டுப் பயனில்லை, பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். வெறிநோய் ஊசி போட்டாச்சு, கருத்தடை செய்தாச்சு, சுவர் கெட்டால் நானே சரிசெய்து தருகிறேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டுக் குடிபோவதுதான் மோசமான வழி. வாடகைக்கோ ஒற்றிக்கோ, நாய் இருப்பதை ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள்.

ஊசிக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள், தனியாரைவிடச் செலவு மிகக் குறைவு. உலக விலங்குவழி நோய்கள் தினமான ஜூலை 6, உலக வெறிநோய் தினமான செப்டம்பர் 28 ஆகியவற்றை ஒட்டி இலவச வெறிநோய்த் தடுப்பூசி முகாம்கள் நடப்பது வழக்கம். குட்டிக்கு 3 மாதத்தில் ஒரு ஊசி, அப்புறம் வருடா வருடம். பெண் நாய் என்றால் கருத்தடை பற்றியும் அங்கேயே கேளுங்கள். சினைக்காலம் 2 மாதம்தான், புது வீட்டின் சொந்தக்காரரிடம் 6 குட்டிகளோடு போய் நிற்க முடியாது.

தீனிக்குக் கடைப் பொட்டலம் தேவையே இல்லை. ரேஷன் அரிசிச் சோறும் சாளை (மத்தி) மீனும் போதும். உப்பு, மிளகு, வெங்காயம் எதுவும் சேர்க்காமல் சாளையைக் குக்கரில் நன்றாக வேகவைத்தால் முள்ளும் குழைந்துவிடும். மீன்குழம்பு மிச்சத்தை ஊற்ற வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் ரத்தத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். ஜூன், ஜூலையில் மேற்குக் கடற்கரை விசைப்படகுத் தடையால் மீன் விலை ஏறும்போது கோழிக்கடையில் ஈரல், கழுத்து, தோல் மலிவாகக் கிடைக்கும். அதையும் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள், வெந்த கோழி எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். மரச்சீனியை (மரவள்ளிக்கிழங்கை) நாய்க்குக் கொஞ்சமாகக் கொடுக்கலாம், நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்த பிறகு மட்டும்.

பூனைக்குச் சோறு மட்டும் போதாது, மீனோ இறைச்சியோ தினமும் வேண்டும். பச்சைச் சாளையையே தொடர்ந்து போட்டால் பி1 வைட்டமின் குறைந்து நரம்புக் கோளாறு வரும், அதனால் வேகவைத்தே கொடுங்கள். ஒன்று முக்கியம்: காய்ச்சல் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை உடைத்துக் கொடுக்காதீர்கள். அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடும்.

வீடு மாறிய பிறகு பூனையை 2, 3 வாரம் உள்ளேயே அடைத்து வையுங்கள், இல்லையென்றால் பழைய வீட்டைத் தேடிப் போய்விடும். நாய்க்கு அந்தத் தொல்லை குறைவு, முதல் வாரம் கயிற்றில் பிடித்துச் சுற்றிக் காட்டினால் சரி.