அறுபதாயிரத்துக்குள் கேமிங் கம்ப்யூட்டர் தேறுமா?

கேள்வி: மகன் பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதலாண்டு படிக்கிறான். படிப்புக்கும் கேம் விளையாடவும் சேர்த்து ஒரு கம்ப்யூட்டர் கேட்கிறான். வேலரண்ட், ஜிடிஏ 5 என்று என்னென்னவோ பெயர் சொல்கிறான். மானிட்டரோடு சேர்த்து 60,000 ரூபாய்க்கு மேல் என்னால் முடியாது. ஒரு கடையில் கொட்டேஷன் வாங்கினேன். ஐ7 ப்ராசஸர், 16 ஜிபி ராம், 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ், கலர் லைட் கேபினட், மானிட்டர், ஆன்டிவைரஸ் எல்லாம் சேர்த்து 46,000. பில் வேண்டாம் என்றால் இன்னும் குறைப்பார்களாம். வாங்கலாமா? கொட்டேஷன் படத்தை இணைத்திருக்கிறேன்.
- வீரவநல்லூர் வாசகர்

பதில்: வேண்டாம் அண்ணாச்சி. 46,000 என்பது குறைந்த விலை மாதிரி தெரியும். உள்ளே இருக்கும் சரக்குக்கு அது அதிகம். உங்கள் 60,000-க்குள் இதைவிடப் பல மடங்கு நல்ல சிஸ்டம் தேறும்.

படத்தை அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அதில் சின்ன எழுத்தில் இருப்பதைப் பாருங்கள். 'ஐ7' என்பதற்குப் பக்கத்தில் 4770 என்று இருக்கிறது. இன்டெல் அதை வெளியிட்டது 2013-ல். ஐ7 என்பது ஒரு வரிசையின் பெயர்தான், எந்தத் தலைமுறை என்பதை அதற்குப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 2022-ல் வந்த ஐ3-12100எஃப் என்ற 'சின்ன' ப்ராசஸர் இதைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். இரண்டுக்கும் நான்கு கோர் (வேலை செய்யும் மூளைகள்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் கவனிக்கும் வேலைகள்) தான். வேகம் மட்டும் வேறு. அதோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்து வந்த இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, இன்டெல்லில் 8-வது தலைமுறைக்குக் கீழே இருப்பதை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. குறுக்கு வழியில் ஏற்றலாம்தான். ஆனால் உங்கள் மகன் கேட்கும் வேலரண்ட், விண்டோஸ் 11-ல் டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இருந்தால்தான் ஓடும். அந்தப் பழைய போர்டில் அது நடக்காது.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. ஜிடி 730. இது 2014-ல் வந்தது. 4 ஜிபி என்று பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். கார்டின் வேகத்துக்கும் அந்த 4 ஜிபிக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. தனி கார்டே இல்லாத ரைசன் 5 5600ஜி ப்ராசஸரின் உள்கிராபிக்ஸ்கூட இதைவிட நன்றாக ஓடும். கேமிங் என்று கேட்பவருக்கு இதை எழுதிக் கொடுப்பது நியாயமே இல்லை.

சரி, பணத்தை எப்படிப் பிரிப்பது? கேமிங் சிஸ்டத்தில் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வெட்டுவார்கள். அது வேலைக்கு ஆகாது. கிராபிக்ஸ் கார்டு, எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இரண்டிலும் கை வைக்கக் கூடாது. மற்ற எல்லாவற்றிலும் தாராளமாக வெட்டலாம்.

மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கார்டுக்கு ஒதுக்குங்கள். 60,000-ல் சுமார் 20,000. அந்த அளவில் 8 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்டு, 1080பி (ஃபுல் ஹெச்டி) மானிட்டருக்குப் போதும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்று கொஞ்சம் விலை குறைவாக ஒன்று காட்டுவார்கள். பெரும்பாலும் அது 4 ஜிபிதான், மதர்போர்டோடு பேசுவதற்கும் நாலே நாலு லேன்தான், அதாவது பாதைதான், வைத்திருக்கிறது. வேண்டாம். ஆனால் மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறான் என்கிறீர்கள். நாளைக்கு ஏஐ, பிளெண்டர் என்று இறங்கினால் பல மென்பொருள்கள் என்விடியாவின் கூடா என்ற வசதியை எதிர்பார்க்கும், அது என்விடியா கார்டில் மட்டும்தான் இருக்கும். அந்த ஆசை அவனுக்கு நிஜமாகவே இருந்தால், நல்ல கையிலிருந்து வரும் பழைய ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கார்டைப் பார்க்கலாம். முதலில் அவனிடம் கேளுங்கள். 'படிப்புக்கும் சேர்த்து' என்பது அப்பாவைச் சம்மதிக்க வைக்கப் பிள்ளைகள் சொல்வதுதான், எங்கள் வீட்டிலும் நடப்பது.

ப்ராசஸருக்கு ரைசன் 5 5600 அல்லது மேலே சொன்ன ஐ3-12100எஃப் போதும். முதலாவதில் ஆறு கோர் இருக்கிறது, பெட்டியோடு கூலரும் வரும். என் ஓட்டு அதற்குத்தான். இரண்டிலும் உள்கிராபிக்ஸ் கிடையாது, தனி கார்டு இல்லாமல் திரையில் எதுவும் வராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பணம் இப்போது முழுதாகப் புரளவில்லை என்றால் 5600ஜி வாங்கி, கார்டை அடுத்த வருஷம் சேர்க்கிறவர்களும் உண்டு. வேலரண்ட் மாதிரி லேசான கேம்கள் அதில் ஓடும். ஆனால் அதில் கேஷ் மெமரி (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 5600-ல் இருப்பதில் பாதிதான். நாலைந்து மாதத்தில் கார்டு வாங்கிவிடுவீர்கள் என்றால் அந்த வழி வேண்டாம், பொறுத்திருந்து ஒரேயடியாக வாங்குங்கள்.

மதர்போர்டில், ரைசனுக்குச் சாதாரண பி450 அல்லது பி550 போர்டு. ஆயிரக்கணக்கில் கூடுதலாகக் கொடுத்து வாங்கும் போர்டு, கேமில் ஒரு ஃபிரேம்கூட (நொடிக்குத் திரையில் வரும் படங்களில் ஒன்றுகூட) கூட்டித் தராது. எஸ்எஸ்டி 500 ஜிபி. தனி ஹார்ட்டிஸ்க் இப்போது வேண்டாம். ஆன்டிவைரஸை அடித்துவிடுங்கள், விண்டோஸில் இருக்கும் டிஃபெண்டரே போதும்.

ராம்தான் இப்போது தலைவலி. 2025 கடைசியிலிருந்து ராம் விலை கிடுகிடுவென்று ஏறியது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப் மொத்தமாகப் போவதால் நம் மாதிரி ஆட்களுக்குப் பற்றாக்குறை. அதனால்தான் டிடிஆர்5 என்ற புதிய வகை ராம் கேட்கும் ப்ராசஸர், போர்டுகளுக்குப் போகாமல் முந்தைய வகையான டிடிஆர்4-லேயே நில்லுங்கள் என்கிறேன். அதில் பழைய ராம் கிடைக்கும், ராம் அவ்வளவு எளிதில் கெடுகிற பொருளும் அல்ல. ஒரே 16 ஜிபி குச்சிக்குப் பதில் 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள். இரண்டு சேனலிலும் ஓடினால் கேமில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வருவோம். உங்கள் கொட்டேஷனில் கேபினட்டோடு 'இலவசமாக' 500 வாட்ஸ் எஸ்எம்பிஎஸ் வருகிறது. அதைக் கையில் வாங்கி, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். 12வி என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் என்று இருக்கும். அதை 12-ஆல் பெருக்குங்கள். 16ஏ என்று இருந்தால் 192 வாட்ஸ்தான். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன, மீதி வாட்ஸ் எல்லாம் அட்டையில் மட்டும்தான். ஆர்எக்ஸ் 6600-க்கு மட்டும் 132 வாட்ஸ் வேண்டும், 5600-ஐ ஏஎம்டி 65 வாட்ஸ் என்று குறித்தாலும் முழு வேகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே இழுக்கும். ஆக இலவச எஸ்எம்பிஎஸ் ஆரம்பத்திலேயே மூச்சு வாங்கும், ஒருநாள் போகும்போது போர்டையும் கார்டையும் கூட்டிக்கொண்டு போகும். நல்ல கம்பெனியின் 450 அல்லது 550 வாட்ஸ், 80 ப்ளஸ் பிரான்ஸ் என்ற மின்சிக்கன முத்திரையோடு, புதிதாக வாங்குங்கள். பழையது வேண்டவே வேண்டாம்.

பழைய பொருள் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ப்ராசஸர், ராம், கேபினட், மானிட்டர் பழையது வாங்கலாம். ரைசனின் இந்த வகையில் ஊசிகள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கும், வளைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எஸ்எஸ்டியும் எஸ்எம்பிஎஸ்ஸும் கூடாது. கிராபிக்ஸ் கார்டு இரண்டுக்கும் நடுவில். விற்பவர் வீட்டுக்கே போய் ஒரு கனமான கேமை அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு, கட்டம் கட்டமாக நிறம் எது வந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஃபேன் சத்தத்தையும் கவனியுங்கள். ஆர்எக்ஸ் 580 என்று மலிவாக வருவதில் பல, கிரிப்டோ மைனிங்கில் இரவும் பகலும் ஓடிக் களைத்தவை. ஆள் முகம் பார்க்காமல் ஆன்லைனில் முன்பணம் அனுப்பவே கூடாது.

மானிட்டருக்குச் சுருக்கமாக: 22 அல்லது 24 இன்ச், 1080பி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மாறாத திரை), 100 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 100 முறை படம் புதுப்பிக்கும்). அதற்கு மேல் இந்த பட்ஜெட்டில் தேவையில்லை.

இனி நம் ஊர் சமாச்சாரம். இதை யூடியூப்பில் யாரும் சொல்ல மாட்டார்கள்.

முதலில் எர்த். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று பலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் உள்ளே இருக்கும் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வழியாகக் கொஞ்சம் கசிவு எப்போதும் இருக்கும், அது எர்த் வழியாகப் போக வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினட் உடம்பிலேயே நிற்கும். சித்திரை, வைகாசியில் மண் காய்ந்து எர்த் குழியும் வறண்டுவிடுகிறது. குழியில் வாரத்துக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், எலக்ட்ரீஷியனை அழைத்து பிளக் பாயிண்டில் எர்த் வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஊசி பிளக்கை இரண்டு ஊசியாக மாற்றும் அடாப்டர் வேண்டாம்.

அடுத்தது கரண்ட். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் தனி யூபிஎஸ் வாங்கும் முன் அதன் பின்பக்கம் பாருங்கள். பல மாடல்களில் 'யூபிஎஸ்', 'நார்மல்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நல்ல எஸ்எம்பிஎஸ் கரண்ட் போனதும் 16 மில்லி செகண்ட் அளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும். நார்மலில் பேட்டரிக்கு மாறுவதற்கு அதைவிட நேரம் ஆகும், சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும். யூபிஎஸ் பக்கம் தள்ளினால் பெரும்பாலும் தாங்கும். இன்வெர்ட்டர் சைன் வேவ் வகையாக இருக்க வேண்டும், ஸ்கொயர் வேவ் என்றால் அதில் கேமிங் சிஸ்டத்தை மாட்ட வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லையென்றால் 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். அதில் 360 வாட்ஸ்தான் கிடைக்கும், கேமைச் சேமித்து சிஸ்டத்தை அணைக்க நேரம் கிடைத்தால் சரி, கரண்ட் இல்லாதபோது விளையாட அது இல்லை.

கரண்ட் பில்லையும் கேட்பீர்கள். கேம் ஓடும்போது சுமார் 250 வாட்ஸ், தினம் நாலு மணி நேரம் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 யூனிட். உங்கள் ரீடிங் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறது என்றால் அந்த 60 யூனிட் ஸ்லாபையே மாற்றிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

வெயில் காலத்தில் அறையே 38 டிகிரி இருக்கும்போது கம்ப்யூட்டர் மட்டும் குளிர்ச்சியாக இருக்காது. அறையின் சூடு பத்து டிகிரி ஏறினால் கார்டின் சூடும் கிட்டத்தட்ட அவ்வளவு ஏறும். கண்ணாடி முகப்பு வைத்த கலர் லைட் கேபினட் பார்க்க அழகு, காற்றுக்கு வழியில்லை. முன்பக்கம் வலை போட்டது வாங்குங்கள். அதற்கு ஒரு தூசி ஃபில்டரும் வேண்டும், ஏனென்றால் ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று ஜன்னலோரம் இருக்கும் எதையும் விடுவதில்லை. மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழுவிக் காய வைத்து மாட்டினால் போதும். அப்புறம், எறும்பு. சூட்டுக்கு எஸ்எம்பிஎஸ் உள்ளே குடியேறிவிடும். மேஜையில் மிக்சர் கிண்ணம் வைக்காமல் இருப்பதுதான் மருந்து. கேபினட்டைத் தரையிலும் வைக்காதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி மாட்டியபின் பைசா செலவில்லாமல் செய்ய வேண்டியவை மூன்று, மகனிடம் சொல்லுங்கள். மானிட்டர் கேபிளை கிராபிக்ஸ் கார்டில் மாட்ட வேண்டும், மதர்போர்டில் அல்ல. பயோஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது வரும் மதர்போர்டின் செட்டிங்) எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்ய வேண்டும், இல்லையென்றால் 3200 வேக ராம் 2133, 2400 என்று நடந்துகொண்டிருக்கும். விண்டோஸ் டிஸ்பிளே செட்டிங்கில் 100 ஹெர்ட்ஸைத் தேர்வு செய்ய வேண்டும். பல வீடுகளில் 100, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்கள் வருஷக்கணக்கில் 60-லேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. கோடையில் கேமின் ஃபிரேமையும் அந்த 100-லேயே கட்டிவிட்டால் சூடும் கரண்டும் குறையும்.

கடைசியாக, பில். கம்ப்யூட்டர் பாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் வேண்டாம் என்று அதை மிச்சம் பிடித்தால் போவது மூன்று வருஷ வாரண்டி. ஆன்லைனில் ஆயிரம் ரூபாய் குறைவாகக் கிடைக்கும் கார்டு பழுதானால், சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே நீங்கள் கூரியர் போட்டுக் காத்திருக்க வேண்டும். நெல்லை வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ உள்ளூர்க் கடைக்காரர் தானே அனுப்பி வாங்கித் தருவதாக இருந்தால் 500, 600 கூடுதலாகக் கொடுப்பதில் தப்பில்லை. அதை வாயால் சொன்னால் போதாது, பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு பாகத்தின் மாடல் எண்ணும் சீரியல் எண்ணும் பில்லில் இருக்க வேண்டும். 'ஐ7 சிஸ்டம் ஒன்று' என்று ஒற்றை வரியில் எழுதினால் வாங்காமல் வந்துவிடுங்கள். எல்லாப் பாகத்தின் அட்டைப் பெட்டியையும் கேட்டு வாங்கி, பெட்டியில் இருக்கும் சீரியல் எண்ணையும் பொருளில் இருப்பதையும் கடையிலேயே ஒத்துப் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.