தம்பிக்குச் சுகமாக்கிய கஷாயம் பன்னிரண்டு நாள் பிள்ளைக்கு ஆகுமா?

கேள்வி: பிள்ளை பிறந்து 12 நாள். நிறைமாதம், 3.1 கிலோ, தாய்ப்பால் மட்டும். கண்ணும் முகமும் இன்னும் மஞ்சள். மாமி தினமும் பல்கனியில் வெயில் காட்டுகிறார். போன வருடம் என் தம்பிக்குச் செங்கமாரி வந்தபோது கஷாயம் கொடுத்தவர், வீட்டுக்கே வந்து பிள்ளைக்கும் மருந்து தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா? (ஒரு தாய், வெள்ளவத்தை)

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு துளிகூட.

தம்பிக்கும் பிள்ளைக்கும் நிறம்தான் ஒன்று, நோய் வேறு. பழைய இரத்தச் சிவப்பணு உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் பொருள் உண்டாகும். ஈரல் அதைப் பித்தத்தோடு சேர்த்து மலத்தில் வெளியே தள்ள வேண்டும். தள்ள முடியாதபோது கண் மஞ்சளாகிறது. இளவயதினருக்குக் கெட்ட தண்ணீர், கடைச் சாப்பாடு வழியாக வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் சில கிழமைகளில் தானாகவே மாறிவிடும். அந்தக் கிழமைகளில் யார் கஷாயம் கொடுத்தாரோ, பெயர் அவருக்குப் போய்விடுகிறது. இப்படிப் பெயர் வாங்கியவரை நம்பி, எலிக்காய்ச்சலோடு வந்தவர்களும் நாட்களைத் தொலைத்திருக்கிறார்கள். காய்ச்சலும் உடம்பு நோவும் இருந்து, கண் மஞ்சளாகி, மூத்திரமும் குறைந்தால் பெரியவரானாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வார்ட் வாசலிலேயே நின்று இந்த வைத்தியர்களின் ஃபோன் நம்பரைக் கொடுக்கிறவர்களை நானே கண்டிருக்கிறேன். கமிஷன் இல்லாமல் யாரும் அப்படி நிற்பதில்லை.

பிள்ளைக்கு வருவோம். நிறைமாதப் பிள்ளைகளில் பாதிக்கு மேல் முதல் கிழமையில் மஞ்சளாவார்கள். ஈரல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மஞ்சள் உச்சத்துக்கு ஏறும். ஆஸ்பத்திரியில் நாங்களோ பிறந்த மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்த நாட்களில் பிலிருபின் அளவு மீறினால் மூளையையும் காதையும் பாதிக்கும் என்று தெரிந்தும் இப்படித்தான் நடக்கிறது. கட்டில் போதாது என்பார்கள். எத்தனை வருடமாக இதையே கேட்பது?

உங்கள் பிள்ளை அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. நாளுக்கு எட்டுத் தடவைக்கு மேல் குடித்து, ஆறு தடவையாவது மூத்திரம் போய், எடையும் ஏறினால், இது தாய்ப்பாலோடு சில கிழமை நீடிக்கும் மஞ்சளாக இருக்கலாம். பாலை நிறுத்த வேண்டாம். சீனித் தண்ணீரும் வேண்டாம். பல்கனி வெயில் தோலைச் சுடும். மஞ்சளைக் குறைக்க ஆஸ்பத்திரியில் வைக்கும் நீல லைட்டின் வேலையை அது செய்யாது.

ஆனால் ஒன்றை நீங்களே இன்று பார்க்க வேண்டும். பிள்ளையின் மலத் துணியை ஜன்னலடி வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். டியூப் லைட்டில் பார்த்தால் நிறம் ஏமாற்றும். கடுகு மஞ்சளோ பச்சையோ என்றால் நல்லது. சுண்ணாம்பு போல, வெளிறிய களிமண் போல இருந்தால், அல்லது மூத்திரம் துணியில் மஞ்சள் கறை விட்டால், பித்தக் குழாய் அடைபட்டிருக்கக்கூடும். இப்படிப்பட்ட பிள்ளை நன்றாகக் குடிக்கும், சிரிக்கும், எடையும் வைக்கும். அதனால்தான் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வராது. இதற்கான சத்திரசிகிச்சையை 60 நாளுக்குள் செய்தால்தான் நல்ல பலன். பதினோராம் கிழமையில் ஒரு பிள்ளையை என்னிடம் கொண்டுவந்தார்கள். அதுவரை கீழ்க்காய்நெல்லிச் சாறு கொடுத்திருந்தார்கள். அந்தத் தாயின் பையில் இருந்த துணி வெள்ளைவெளேரென்று இருந்தது.

மலம் நல்ல நிறமாக இருந்தாலும், 14 நாளைத் தாண்டியும் மஞ்சள் இருந்தால் இரத்தம் சோதிக்க வேண்டும். மொத்த பிலிருபினோடு நேரடி (direct) பிலிருபினையும் கேளுங்கள்; பித்தக் குழாய் அடைபட்டால் ஏறுவது அதுதான். மொத்தத்தை மட்டும் எழுதிய ரிப்போர்ட்டைக் கையில் தந்து “நோர்மல்” என்று அனுப்பினால் திரும்பிப் போய்க் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

இன்னொன்று: அலுமாரியில் பூச்சி உருண்டை போட்டு வைத்த பழைய பிள்ளைச் சட்டைகளை உடுத்த வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அந்த மணமே சிவப்பணுவை உடைத்து மஞ்சளை ஏற்றிவிடும்.

பிள்ளை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால், கீச்சென்று அழுதால், முதுகை வில்லாக வளைத்தால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். பொரளை சிறுவர் ஆஸ்பத்திரிக்கு இரவென்றாலும் போங்கள். மலம் வெளிறியிருந்தாலும் நாளைக் காலையே போங்கள். துணியைக் கழுவாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டுங்கள்.